பல் எடுத்த பிறகு பீடி: சீட்டின் கடைசி வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில், பல் எடுத்தபின் கவனிக்க வேண்டியவை பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல கட்டுரை. பஞ்சை எவ்வளவு நேரம் கடித்திருக்க வேண்டும், முதல் நாள் என்ன சாப்பிடலாம் என்றெல்லாம் விளக்கமாக எழுதியிருந்தார்கள். ஆனால் புகைப்பதைப் பற்றிக் கடைசியில் ஒரே ஒரு வரி, தவிர்க்கச் சொல்லி. நான் நாமக்கல்லில் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராகப் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். அந்த ஒரு வரி யாரையும் நிறுத்துவதில்லை என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பதால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் லாரி ஊர். டிரைவர்களும் கிளீனர்களும் பாடி கட்டும் பட்டறைக்காரர்களும் நிறைய வருவார்கள். லோடு ஏற்றக் காத்திருக்கும் நேரத்தில் வந்து, "சாயங்காலம் வண்டி எடுக்கணும், சீக்கிரம் பிடுங்கி விடுங்க" என்பார்கள். வாய் மரத்துப்போய், பஞ்சைக் கடித்தபடி எழுந்து நிற்கிறவரிடம் மாத்திரை, உணவு, நாளைக்கு உப்புத் தண்ணீர் என்று நான் வரிசையாகச் சொல்வேன். ஐஸ்கிரீம் மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பஞ்சைத் துப்பியதும் டீக்கடையில் சூடாக ஒரு டீ, கூடவே ஒரு பீடி.

அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாள் அல்லது மூன்றாம் நாள்தான் வலி கிளம்பும். கடந்த மாதம் ஒருவர் கர்நாடகம் வரை போய்விட்டு, வண்டியை இன்னொரு டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு பஸ்ஸில் திரும்பி வந்தார். கன்னத்தில் வைத்த கையை எடுக்கவில்லை. கீழ்க் கடைவாய்ப் பல் எடுத்த இடத்திலிருந்து காதுக்குள் குத்துகிறது, ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை என்றார். வாயைத் திறந்ததும் நாற்றம் அடித்தது. டாக்டர் விளக்கைத் திருப்பிப் பார்த்தபோது, கருஞ்சிவப்பாக ரத்தம் உறைந்து நிறைந்திருக்க வேண்டிய குழி வெறுமையாக இருந்தது. அடியில் எலும்பு வெளிறித் தெரிந்தது. சலைன் விட்டுக் கழுவும்போது அந்த மனிதர் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். கிராம்பு எண்ணெய்ச் சத்து சேர்ந்த மருந்தைக் குழியில் வைத்ததும், சில நிமிடங்களில் அவர் தோள்கள் தளர்ந்தன. "வேரை உள்ளேயே விட்டுட்டீங்களோன்னு நெனச்சேன்" என்றார். எக்ஸ்ரே எடுத்துக் காட்டினோம். வேர் எதுவும் இல்லை.

இதற்கு 'ட்ரை சாக்கெட்' என்று பெயர். காயத்தில் பொருக்கு கட்டுவது போல, பல் இருந்த குழியை உறைந்த ரத்தம் மூடிக்கொள்ள வேண்டும். அதன் மேல்தான் புதிய சதை வளரும். அந்த ரத்தம் பெயர்ந்தாலோ கரைந்தாலோ எலும்பும் நரம்பு முனைகளும் திறந்துகொள்ளும். சாதாரணமாகப் பல் எடுப்பவர்களில் 100 பேரில் 1 முதல் 5 பேருக்கு இது வரலாம். கீழ் ஞானப்பல்லுக்கு இன்னும் அதிகம். புகைப்பவர்களுக்கு மற்றவர்களைவிட 3 மடங்குக்கு மேல் வருவதாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். நிகோடின் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, காயத்துக்குப் போக வேண்டிய ஆக்சிஜனைக் குறைத்துவிடும். போதாததற்கு அந்த இழுப்பு வேறு. ஸ்ட்ரா போட்டு ஜூஸ் குடிக்காதீர்கள் என்று சொல்வதும் வாயில் உறிஞ்சும் அழுத்தம் விழக்கூடாது என்பதற்காகத்தான். எத்தனையோ பேர் ஸ்ட்ராவைக் கவனமாகத் தவிர்த்துவிட்டு சிகரெட்டை இழுக்கிறார்கள்.

பீடி இலைதானே, அது ஒன்றும் செய்யாது என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உண்மையில் பீடிதான் அதிகம் படுத்துகிறது. அது தானாக எரிந்துகொண்டிருக்காது, இழுக்காமல் விட்டால் அணைந்துவிடும். அதனால் அடிக்கடி, இழுத்து இழுத்துப் புகைக்க வேண்டியிருக்கிறது. நிகோடினும் சிகரெட்டைவிட அதில் குறைவில்லை. அப்புறம், வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டிமார்களை யாருமே கேட்பதில்லை. அவர்கள் பல் எடுத்த அன்றே அந்தப் பக்கம் விட்டு இந்தப் பக்கம் அடக்கிக்கொள்வார்கள். துப்பிக்கொண்டே இருப்பார்கள். துப்புவதும் உறைந்த ரத்தத்தைப் பெயர்த்துவிடும். பல் வலிக்குப் புகையிலையையே மருந்தாக வைத்துப் பழகியவர்களும் உண்டு.

மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்று பயந்து, சொத்தைப் பல்லை வருடக்கணக்கில் வைத்திருக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இல்லாத ஆபத்துக்கு இவ்வளவு பயம் இருக்கிற ஊரில், இருக்கிற ஆபத்தை யாரும் அவர்களுக்குப் புரியும்படி சொல்வதில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

எங்கள் டாக்டர் இப்போது ஊசி போடுவதற்கு முன்பே கேட்டுவிடுகிறார்: ஒரு நாளைக்கு எத்தனை, கடைசியாக எப்போது பிடித்தீர்கள் என்று. பெரும்பாலோர் பாதிதான் சொல்வார்கள். சரி, கேள்வி விழுந்துவிட்டது, அது போதும். முடிந்தவரை ஒரு வாரம், மிகக் குறைந்தது 3 நாள் தொடக்கூடாது என்று நாளைக் குறித்துக் கொடுக்கிறார். அவசரம் இல்லாத பல்லாக இருந்தால், வண்டியில் போகாமல் வீட்டில் இருக்கும் வாரமாகப் பார்த்து வரச் சொல்கிறார். "சபரிமலைக்கு மாலை போட்டா ஒரு மண்டலம் விடுறீங்க, இதுக்கு ஒரு வாரம் விட முடியாதா?" என்று கேட்பார். இந்தக் கேள்வி பலரை அசைத்திருக்கிறது. கூட வந்த மனைவியோ மகனோ இருந்தால் உள்ளே அழைத்து அவர்களிடமும் சொல்வோம். புகைக்காமல் இருக்கவே முடியாது என்கிறவர்கள் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. நிகோடின் சூயிங்கம் மெல்வது அந்த நேரத்துக்கு ஆகாது. வேறு என்ன செய்யலாம் என்று அவர் பார்த்துச் சொல்வார்.

எல்லாப் பல் மருத்துவமனைகளிலும், அரசு மருத்துவமனை வெளிநோயாளி பிரிவுகளிலும் பல் எடுப்பதற்கு முன்பே இதைக் கேட்க வேண்டும். கொடுக்கும் சீட்டு தமிழில் இருக்க வேண்டும். பீடி, சிகரெட், ஹான்ஸ், வெற்றிலைப் புகையிலை என்று பெயர் சொல்லி, எத்தனை நாள், ஏன் என்பதை முதல் வரியிலேயே பெரிய எழுத்தில் போட வேண்டும். 24 மணி நேரம் துப்பவோ கொப்பளிக்கவோ கூடாது, மது கூடாது, வலி இரண்டாம் நாளுக்கு மேல் கூடினால் மெடிக்கல் கடைக்குப் போகாமல் நேரே திரும்பி வர வேண்டும், ரத்தம் நிற்காவிட்டாலோ காய்ச்சலோ வீக்கமோ வந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது என்பதும் அதே சீட்டில் இருக்கட்டும். கீழே 1800 11 2356 என்ற எண்ணையும் அச்சிடலாம். புகையிலையை விட விரும்புகிறவர்களுக்கான மத்திய அரசின் இலவசத் தொலைபேசி அது, தமிழிலும் பேசலாம். 2018 முதல் சிகரெட், பீடிக் கட்டுகளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் வலியில்லாத நாளில் யார் அதைப் படிக்கப் போகிறார்கள்? பல் எடுத்துவிட்டு மூன்று நாள் தாக்குப்பிடித்தவர் கையில் அந்த எண் இருந்தால் நான்காம் நாள் கூப்பிட வாய்ப்பு உண்டு. அப்படிக் கூப்பிட்டவர்கள் எங்களிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் இதை மட்டும் தனியாக ஒரு முறை வெளியிடுங்கள். கத்தரித்து எங்கள் வரவேற்பறைச் சுவரில் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பல் மருத்துவ உதவியாளர்,
நாமக்கல்.