மாம்பழமும் ஒரு ‘ஆக’வும்

ஏற்காடு,
ஞாயிறு காலை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. பேரனுக்குப் பல் முளைத்த சேதியைப் படித்துச் சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினால், பெரியவன் கதை. மனசு கஷ்டமாகிவிட்டது. மூன்று வருஷம் ராப்பகலாக உழைத்த பிள்ளை, வேலைக்கு எழுதிய விண்ணப்பத்தில் ‘ஐ வொர்க்ட் ஹார்ட்லி’ என்று போட்டுவிட்டான். நேர்காணலில் அதை வாய்விட்டுப் படித்துச் சிரித்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். “அதில் என்னம்மா தப்பு?” என்று அவன் கேட்டதற்கு உன்னால் பதில் சொல்ல முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். முப்பது வருஷம் பிள்ளைகளோடு இதே பாடத்தில் மல்லுக்கட்டியவள் நான். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், அவனிடம் காட்டு.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவன் யோசித்த விதம் சரி. ‘ஸ்லோ’வுக்கு ‘ஸ்லோலி’, ‘நீட்’டுக்கு ‘நீட்லி’ என்றால், ‘ஹார்ட்’டுக்கு ‘ஹார்ட்லி’ என்றுதானே தோன்றும்? விதியைப் படித்த பிள்ளைக்குத்தான் அந்தத் தப்பு வரும். அங்கே சிரித்தவர்களுக்கு அது புரியவில்லை.

ஒரு செயல் எப்படி நடக்கிறது என்று சொல்கிற சொல்லைத்தான் வினையுரிச்சொல் என்கிறோம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் அதை உண்டாக்க இரண்டு வழி இருந்தது. ஒன்று, சொல்லின் கடைசியில் ‘எ’ என்று ஓர் ஒலியைச் சேர்ப்பது. மற்றொன்று, ‘லீச்செ’ என்று ஒரு விகுதியைச் சேர்ப்பது. ‘லீச்’ என்றால் அந்தக் காலத்தில் உடம்பு, உருவம் என்று பொருள். நாளாவட்டத்தில் ‘லீச்செ’ தேய்ந்து ‘லி’ ஆனது. ‘எ’ தேய்ந்து ஒன்றுமே இல்லாமல் போனது. அப்படி வால் உதிர்ந்து நிற்பவைதான் ‘ஹார்ட்’, ‘ஃபாஸ்ட்’ எல்லாம். பார்க்க, ஒரு பொருளின் குணத்தைச் சொல்கிற பெயரடை மாதிரி இருந்தாலும் அவை வினையுரிச்சொல்லாகவும் வேலை செய்யும். அதனால்தான் ‘ரன் ஃபாஸ்ட்’ என்றால் போதும். ‘ஃபாஸ்ட்லி’ என்று இன்றைய ஆங்கிலத்தில் யாரும் சொல்வதில்லை.

சரி, ‘ஹார்ட்லி’? அதுவும் முதலில் ‘வலுவாக, கடுமையாக’ என்ற பொருளில்தான் இருந்தது. அப்புறம் ‘சிரமப்பட்டு’ என்று மாறியது. சிரமப்பட்டுத்தான் நடக்கிறது என்றால் அனேகமாக நடக்கவில்லை என்றுதானே அர்த்தம்? அப்படியே நழுவி நழுவி ‘இல்லை என்றே சொல்லலாம்’ என்ற இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. நம் ‘அரிது’ என்ற சொல்லைப் பார், செய்வதற்குக் கடினம் என்றும் பொருள், எப்போதாவதுதான் காணக் கிடைக்கும் என்றும் பொருள். இரண்டு மொழியிலும் மனுஷ மனம் ஒரே தடத்தில்தான் போயிருக்கிறது. ஆக, நம் பிள்ளை எழுதியதை ஆங்கிலம் தெரிந்தவர் படித்தால் ‘நான் வேலையே பார்க்கவில்லை’ என்று ஆகிறது. ‘லேட்’, ‘லேட்லி’ இரண்டுக்கும் இதே சங்கதிதான். தாமதமாக வந்தால் ‘கேம் லேட்’. ‘லேட்லி’ என்றால் ‘சமீப காலமாக’.

இதையெல்லாம் பட்டியலாகப் படித்து மனப்பாடம் செய்துவிடலாம். நான் முக்கியமாக நினைப்பது வேறு ஒன்று. அது ஆங்கிலத்தில் இல்லை, நம் தமிழில் இருக்கிறது.

போன வாரம் தம்பி சேலத்திலிருந்து ஒரு கூடை மல்கோவா கொண்டுவந்தான். சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில் படிக்க வரும் பிள்ளைகளுக்கு நறுக்கிக் கொடுத்தேன். காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள், எட்டுப் பேர். வாயோரம் சாறு வழியத் தின்று முடித்ததும், “இப்போது இந்தப் பழத்தைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதுங்கள்” என்றேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அழகான கையெழுத்தில் எழுதினாள்: ‘த மேங்கோ டேஸ்ட்ஸ் ஸ்வீட்லி.’ நோட்டின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு விரல் ரேகை.

ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டேன். “இனிப்பாக இருக்குது டீச்சர். ‘ஆக’ வந்தால் ‘லி’ போடணும்னு நீங்கதான் சொன்னீங்க” என்றாள். உண்மை, நான்தான் சொன்னேன். வேகமாக, அழகாக, மெதுவாக என்று வரிசையாக எழுதிப்போட்டு, ‘ஆக’ வருகிற இடமெல்லாம் ‘லி’ என்று எத்தனை வருஷம் சொல்லியிருப்பேன்! அது பாதிதான் சரி என்று அன்றைக்கு அந்தப் பெண் காட்டிக்கொடுத்தாள்.

நம் ‘ஆக’ இரண்டு வேலை பார்க்கிறது. ‘இனிமையாகப் பாடினாள்’ என்னும்போது பாடுகிற செயலுக்கு அடைமொழி. ‘பழம் இனிப்பாக இருக்கிறது’ என்னும்போது பழத்தின் குணத்தைச் சொல்கிறது. நமக்கு இரண்டுக்கும் ஒரே ‘ஆக’ போதும். ஆங்கிலம் இந்த இடத்தில் பிரித்துவிடுகிறது. செயலைப் பற்றி என்றால் ‘ஸ்வீட்லி’, பொருளைப் பற்றி என்றால் வெறும் ‘ஸ்வீட்’. ‘த மேங்கோ டேஸ்ட்ஸ் ஸ்வீட்’ என்றுதான் எழுத வேண்டும். பங்குனி மழை பெய்து தோட்டமெல்லாம் வெள்ளை வெளேரென்று காப்பி பூத்துக் கிடந்ததே, மல்லிகை மாதிரி ஒரு வாசனை, அதைச் சொல்வதானாலும் ‘த ஃப்ளவர்ஸ் ஸ்மெல் ஸ்வீட்’தான். பூ இனிமையாக மூச்சிழுத்து எதையும் முகர்ந்து பார்க்கவில்லையே.

பிள்ளைகளுக்கு ஒரு வழி சொன்னேன். வினையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘இஸ்’ போட்டுப் பார். ‘த மேங்கோ இஸ் ஸ்வீட்’, பொருள் கெடவில்லை, அப்படியென்றால் ‘லி’ வேண்டாம். ‘ஷி சிங்ஸ் ஸ்வீட்லி’ என்பதில் ‘இஸ்’ போட்டால் பாட்டே காணாமல் போய்விடுகிறது, அங்கே ‘லி’ இருக்கட்டும்.

அப்புறம் ஒரு பையன் கேட்ட கேள்விதான் என்னை ராத்திரி முழுக்க யோசிக்க வைத்தது. “கோபமாக என்பதற்கு என்ன டீச்சர்?” நாம் இரண்டு விதமாகச் சொல்கிறோம். ‘அவர் கோபமாகத் தெரிந்தார்’, ‘அவர் என்னைக் கோபமாகப் பார்த்தார்’. ‘கோபமாக’ அசையவில்லை, வினைதான் மாறுகிறது. ஆங்கிலத்தில் ‘ஹி லுக்ட் ஆங்க்ரி’, ‘ஹி லுக்ட் அட் மீ ஆங்க்ரிலி’. அங்கே ‘லுக்ட்’ மாறவே இல்லை, அடைதான் மாறுகிறது. ஒரே வித்தியாசத்தை நாம் வினையில் வைக்கிறோம், அவர்கள் விகுதியில் வைக்கிறார்கள். எனக்கு இது புரிந்தபோது வயது அறுபத்திரண்டு. அந்தப் பையனுக்குப் பன்னிரண்டிலேயே கிடைத்துவிட்டது என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

வரிசையிலும் பிள்ளைகள் தடுமாறுவார்கள். ‘நேற்று கோயிலில் அழகாகப் பாடினாள்’ என்பது நம் வரிசை. காலம், இடம், விதம், கடைசியில் வினை. ஆங்கிலத்தில் பெரும்பாலும் இதை அப்படியே திருப்பிப் போட்டால் போதும்: ‘ஷி சேங் பியூட்டிஃபுலி அட் த டெம்பிள் யெஸ்டர்டே.’ கண்ணாடியில் பார்ப்பது போல இருக்கும். ஒரே ஓர் இடத்தில் கண்ணாடி ஏமாற்றும். ‘ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறான்’ என்பதைத் திருப்பினால் ‘ஸ்பீக்ஸ் ஃப்ளூயன்ட்லி இங்கிலிஷ்’ என்று வரும். அது கூடாது. வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் மூன்றாம் ஆளை அவர்கள் விடமாட்டார்கள். ‘ஸ்பீக்ஸ் இங்கிலிஷ் ஃப்ளூயன்ட்லி’ என்றுதான் வர வேண்டும்.

‘ஒன்லி’யையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உன் பிள்ளை அடுத்து அதில்தான் மாட்டுவான். ‘நான்தான் சொன்னேன்’ என்று நினைத்துக்கொண்டு நம் ஆட்கள் ‘ஐ ஒன்லி டோல்ட் ஹிம்’ என்பார்கள். ‘தான்’ போல அது ‘ஐ’யோடு ஒட்டிக்கொள்ளும் என்று நம் எண்ணம். கேட்கிற ஆங்கிலேயருக்கோ ‘சும்மா சொல்லத்தான் சொன்னேன், வேறொன்றும் செய்யவில்லை’ என்று படும். பழி ஏற்கப் போனவன் தப்பிக்கப் பார்க்கிறான் என்று ஆகிவிடும். ‘இட் வாஸ் ஐ ஹூ டோல்ட் ஹிம்’ என்று சொல்லச் சொல்.

மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே, அங்கே ‘டிரைவ் ஸ்லோ’ என்று பலகை பார்த்துவிட்டு ‘லி’ விட்டுப்போச்சு டீச்சர் என்று ஒரு குட்டி ஓடிவந்து சொன்னது. அது தப்பில்லை. ‘ஸ்லோ’வும் பல நூறு வருஷமாக வினையுரிச்சொல்லாக நடமாடுகிற சொல்தான். பரீட்சையில் ‘ஸ்லோலி’ எழுது, பலகை அப்படியே இருக்கட்டும் என்றேன்.

விண்ணப்பத்தில் அந்த வரியை ‘ஐ வொர்க்ட் ஹார்ட் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்று மாற்றச் சொல். மீதியையும் எனக்குத் தபாலில் அனுப்பிவை, சிவப்பு மையில்லாமல் பென்சிலால் திருத்தி அனுப்புகிறேன். முடிந்தால் இந்த மாதம் அவனையே அனுப்பு. சேர்வராயன் கோயில் திருவிழா வருகிறது, நாலு நாள் இருந்துவிட்டுப் போகட்டும். கீழே வெயில் கொளுத்துகிற நேரத்தில் இங்கே ராத்திரியில் இன்னும் போர்வை வேண்டியிருக்கிறது. திரும்பும்போது உனக்குக் காப்பித் தூளும், நம் மரத்தில் ஏறிய கொடியின் மிளகும் கொடுத்தனுப்புகிறேன். பேரன் பல் முளைத்த வாயோடு எடுத்த படம் ஒன்று அவன் கையில் கொடுத்துவிடு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி