'அஅஅ' எழுதும் கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பில் தமிழில் 97 வாங்கிய மகளுக்கு, ஊரிலிருக்கும் பாட்டிக்கு நாலு வரி எழுத வரவில்லை என்று சென்ற இதழில் ஒரு வாசகர் மனம் நொந்து எழுதியிருந்தார். 33 ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் 'தமிழய்யா'வாக இருந்த என்னால் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அந்தப் பிள்ளையிடம் குறை இல்லை. விடைத்தாளில் சொந்தப் பெயரும் ஊரும் போடக் கூடாது என்பதால் அனுப்புநர் இடத்தில் 'அஅஅ' என்று எழுதப் பழக்குகிறோம். தேர்வுக்கு அது நியாயம்தான். ஆனால் வகுப்பு நோட்டிலும் ஆண்டு முழுக்க அதையேதான் எழுத வைக்கிறோம். தெருவிளக்கு எரியவில்லை என்று மின்வாரியத்துக்கு முறையீடு எழுதுகிற பிள்ளையிடம் 'எந்தத் தெரு?' என்று கேட்டுப் பாருங்கள், விழிக்கும்.

நானும் அப்படிக் கற்பித்தவன்தான். புலவர் பட்டமும் தமிழ்ப் பண்டிதர் பயிற்சியும் முடித்து, 1989இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தேன். முதல் ஏழெட்டு ஆண்டுகள் கட்டுரையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். நாற்பது நோட்டிலும் ஒரே கட்டுரை. அப்போது எங்கள் ஊருக்குச் சாயங்கால பஸ் சரியாக வராது. ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் நாலு கிலோமீட்டர் நடந்துதான் வீட்டுக்குப் போவார்கள். ஒருநாள் அதையே கடிதமாக எழுதச் சொன்னேன், சொந்தப் பெயர், ஊர், தேதியோடு. வெகுநேரம் யாரும் பேனாவை எடுக்கவில்லை. "ஐயா, எம்பேரையே போடலாமா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். 'மழை பேஞ்சா ஓடையில தண்ணி வரும், தங்கச்சிய தூக்கிக்கிட்டுத்தான் தாண்டுவேன்' என்று அவள் எழுதியிருந்தாள். எந்தக் கைடிலும் இப்படி ஒரு வரி கிடைக்காது. அதைச் சிவப்பு மையால் அடிக்க எனக்குக் கை வரவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, 'பேஞ்சா' என்பதைப் 'பெய்தால்' என்று அவளையே மாற்றி எழுதச் சொன்னேன். தபாலில் போட்டோம். பதில் வரவில்லை, பஸ்ஸும் வரவில்லை. ஆனாலும் அடுத்த வாரம், "இன்னொண்ணு எழுதலாமாய்யா?" என்று பிள்ளைகளே கேட்டார்கள்.

அதன்பிறகு ஓய்வு பெறும்வரை வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளை சொந்தமாக எழுதுவதற்குத்தான். ஒரு வாரம் ர, ற பிழையை மட்டும் திருத்துவேன். அடுத்த வாரம் ல, ள, ழ. எல்லாப் பிழையையும் ஒரே நாளில் வட்டமிட்டால், அடுத்த முறை பிள்ளை இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்ளும். மனப்பாடத்துக்கு நான் எதிரி இல்லை. குறள் நெஞ்சில் தங்குகிற வயது அது, அதை ஒப்பிக்கத்தான் வேண்டும். கட்டுரையை ஏன் ஒப்பிக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. அப்புறம், 'தமிழ்தானே, பாஸ் பண்ணிருவாங்க' என்று கணக்குக்கும் அறிவியலுக்கும் தமிழ்ப் பாடவேளையைக் கேட்பார்கள். நான் கொடுத்ததில்லை. அதில் சில நண்பர்களுக்கு என்மேல் வருத்தம் உண்டு.

2019-20 கல்வியாண்டில் பத்தாம் வகுப்பு மொழிப்பாடத்தின் இரண்டு தாள்களை ஒன்றாக்கினார்கள். கொரோனாவால் 2020, 2021 தேர்வுகள் நடக்கவில்லை. 2022இல்தான் பிள்ளைகள் ஒரே தாளாக எழுதினார்கள். நான் ஓய்வு பெற்றதும் அந்த ஆண்டுதான். பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது, அது நல்லதே. ஆனால் இலக்கணம், கடிதம், கட்டுரை என்று எழுத்துப் பயிற்சிக்கென்று இருந்த இரண்டாம் தாள் போய்விட்டது. மேல்நிலை வகுப்புகளில் தமிழுக்கு 10 மதிப்பெண் அகமதிப்பீடு இருக்கிறது. பத்தாம் வகுப்பில் அதுவும் இல்லை. அங்கும் ஒரு பத்து மதிப்பெண்ணை ஒதுக்கி, பிள்ளைகள் ஆண்டு முழுக்கச் சொந்தப் பெயரில் எழுதிய நோட்டுக்குக் கொடுக்கலாம். கல்வித்துறை இதை யோசிக்க வேண்டும் என்று உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த வாசகருக்கு ஒரு வார்த்தை. இந்த விடுமுறையில் ஓர் அஞ்சலட்டை வாங்கிக் கொடுங்கள். பாட்டியிடம் எப்படிப் பேசுவாளோ அப்படியே எழுதட்டும். தபால்பெட்டியில் போடும்வரை நீங்கள் அதை வாங்கித் திருத்தாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
அறந்தாங்கி.