வெள்ளி கலந்த பெயின்ற் வேண்டாம். கூரையையும் கைகழுவும் இடத்தையும் முதலில் திருத்தித் தாருங்கள்

பெறுநர்:
பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்,
யாழ்ப்பாணம்.

ஊடாக: பொறுப்பு வைத்திய அதிகாரி, பிரதேச வைத்தியசாலை

அனுப்புநர்: நோயாளர் நலன்புரிச் சங்கம்

விடயம்: பெண்கள் விடுதித் திருத்த வேலையில் வெள்ளி அயன் பூச்சுக்கான மதிப்பீட்டை மீள்பரிசீலனை செய்யக் கோரல்

மதிப்பிற்குரிய பணிப்பாளர் அவர்கட்கு,

எமது பிரதேச வைத்தியசாலையின் பெண்கள் விடுதியைத் திருத்துவதற்கு வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊரவர்கள் பணம் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். அதற்கான மதிப்பீடு இப்போது உங்கள் அனுமதிக்காகக் காத்திருக்கிறது. அதில் கூடிய தொகை, கிருமிகளைக் கொல்லும் என்று சொல்லப்படும் வெள்ளி அயன் (மின்னேற்றம் கொண்ட வெள்ளி அணு) கலந்த பெயின்றுக்கே ஒதுக்கப்பட்டுள்ளது. அந்த ஒதுக்கீட்டை அப்படியே அனுமதிக்க வேண்டாம் என்று சங்கத்தின் சார்பில் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நான் அரச வைத்தியசாலைகளில் ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளராக வேலை செய்து ஓய்வுபெற்றவன். கிருமிகளை வளர்த்துப் பார்ப்பதே என் தொழிலாக இருந்தது. அதனால்தான் இந்த மனுவை எழுதும் பொறுப்பை சங்கம் என்னிடம் தந்தது.

வெள்ளி கிருமியைக் கொல்லும் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைத்திரேற்றுத் துளி விட்டு, பார்வை போகாமல் காக்கலாம் என்று ஜேர்மனியில் கிரெடே என்ற வைத்தியர் 1880களிலேயே காட்டினார். எரிகாயத்துக்குப் பூசும் சில்வர் சல்பாடயசின் களிம்பு 1960களின் கடைசியில் வந்தது. இன்றும் பாவனையில் இருக்கிறது. வெள்ளி அயன் பற்றீரியாவின் புரதங்களில் உள்ள கந்தகத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் நொதியங்கள் செயலிழக்கும், கலத்தின் மென்சவ்வும் பழுதாகும். ஆனால் இது நடப்பதற்கு அயன் உலோகத்தை விட்டு வெளியே வர வேண்டும். வெளியே வர ஈரம் வேண்டும். எங்கள் வாதம் முழுவதும் இந்த ஈரத்தில்தான் நிற்கிறது.

விற்பனைப் பிரதிநிதி சங்கக் கூட்டத்துக்கு ஒரு கண்ணாடித் தட்டைக் கொண்டுவந்து காட்டினார். கிருமி வளர்க்கப் பயன்படும் ஏகர் கூழில் பற்றீரியா பாய் விரித்த மாதிரி வளர்ந்திருந்தது. நடுவில் பெயின்ற் பூசிய சிறு துண்டு. அதைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குத் தெளிவான வளையம். பார்த்தவர்கள் எல்லோரும் அசந்துபோனார்கள். வளையம் உண்மையானதுதான். ஆனால் ஏகர் கூழ் பெரும்பாலும் தண்ணீர். அயன் அதில் கரைந்து பரவுகிறது. பங்குனி, சித்திரையில் காய்ந்து கிடக்கும் சுவரில் அது எங்கே கரையும், எதில் பரவும்?

பெயின்ற் பற்றிய கையேட்டில் ஐஎஸ்ஓ 22196 என்ற சர்வதேசத் தரப் பரிசோதனையைக் காட்டி 99 சதவீதம் கிருமி சாகும் என்று போட்டிருக்கிறார்கள். அந்தப் பரிசோதனையில் கிருமி கலந்த திரவத்தைப் பூச்சின்மேல் விட்டு, மெல்லிய படலத்தால் மூடி, ஏறத்தாழ 35 பாகை வெப்பத்தில், 90 சதவீதத்துக்குக் குறையாத ஈரப்பதனில், 24 மணி நேரம் வைத்திருப்பார்கள். விடுதியில் அப்படி ஒரு நிலைமை கிடையாது. ஒரு நோயாளி கட்டில் கம்பியைப் பிடித்த சில நிமிடங்களில் தாதியின் கை அதே கம்பியில் படுகிறது. அங்கிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகிறது. 24 மணி நேரம் கழித்து வரும் பலன் அந்தக் கையைத் தடுக்காது. சதவீதத்தையும் கணக்குப் பார்க்க வேண்டும். பத்து இலட்சம் கிருமியில் 99 சதவீதம் செத்தாலும் பத்தாயிரம் மிச்சம். அதோடு சுவரில் தூசியும் அழுக்கும் படிந்தால் கிருமி இருப்பது அந்தப் படிவின் மேல். வெள்ளி இருப்பதோ அதற்குக் கீழே. எப்படியும் துடைத்துத்தான் ஆக வேண்டும். இன்னொன்று, நோயாளி தொடுவது கம்பி, கைபிடி, மேசை, குழாய். சுவரை யாரும் அவ்வளவாகத் தொடுவதில்லை.

இது எங்கள் சொந்தக் கருத்து மட்டும் இல்லை. கிருமிநாசினி ஊட்டிய பொருட்களைத் தொற்றுக் கட்டுப்பாட்டின் பகுதியாகப் பாவிப்பதற்கு ஆதாரமான தரவு இல்லை என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2003ஆம் ஆண்டு வழிகாட்டலில் எழுதியிருக்கிறது. அந்த நாட்டின் பெரிய வைத்தியசாலை அமைப்பான கைசர் பெர்மனென்டே, வெள்ளி உட்பட இப்படியான இரசாயனங்கள் கலந்த பெயின்றையும் துணியையும் தங்கள் கட்டடங்களுக்கு வாங்குவதில்லை என்று 2015இல் முடிவெடுத்தது. வசதி படைத்தவர்களே வேண்டாம் என்று விட்டதற்கு நாங்கள் ஏன் ஊரவர் உழைத்து அனுப்பிய காசைக் கொட்ட வேண்டும்?

வெள்ளிக்கும் கிருமிகள் பழகிவிடும் என்பது எனக்கு இன்னும் பெரிய கவலை. பொஸ்டனில் ஒரு எரிகாய விடுதியில் வெள்ளி நைத்திரேற்றுக்கு மசியாத சல்மொனெல்லா என்ற பற்றீரியா கண்டுபிடிக்கப்பட்டதாக 1975இல் அறிக்கை வெளிவந்தது. அந்தத் தடுப்பாற்றலுக்கான மரபணு, ஒரு கிருமியில் இருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் இருந்தது. எரிகாயத்துக்கும் ஆறாத புண்ணுக்கும் வெள்ளி தேவைப்படுகிறது. அங்கே வேலை செய்ய வேண்டிய மருந்தைச் சுவரில் பூசி வீணாக்குவதை என் மனம் ஏற்கவில்லை.

அடுத்தது எங்கள் கிணறுகள். சுவிற்சர்லாந்தில் நுண்வெள்ளி (மிகமிகச் சிறிய வெள்ளித் துகள்கள்) கலந்த பெயின்ற் பூசிய மாதிரிச் சுவரை ஒரு வருடம் மழைக்கு விட்டுப் பார்த்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. அந்த ஒரு வருடத்தில் வெள்ளியின் 30 சதவீதத்துக்கு மேல் கழுவுப்பட்டுப் போயிருந்தது. கூடுதலாகப் போனது முதல் மழைகளில். அது வெளிச்சுவர், எங்களது உட்சுவர், அந்த அளவுக்குப் போகாதுதான். வெள்ளி மண்ணில் கந்தகத்தோடு சேர்ந்து வீரியம் குறைவதும் உண்டு. ஆனாலும் விடுதிச் சுவரை ஆள் உயரத்துக்குக் கழுவுகிறோம். அந்தத் தண்ணீர் பின்வளவுக் கழிவுக்குழிக்குப் போகிறது. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை; நாங்கள் நம்பியிருப்பது சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரைத்தான். அந்தக் கல்லில் வெடிப்பும் துவாரமும் அதிகம், மேலே ஊற்றியது கீழே போக நாளெடுக்காது. சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து சனம் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் நாங்கள். பலன் நிச்சயமில்லாத ஒன்றை நிலத்துக்குள் இறக்க விரும்பவில்லை.

சரி, விடுதிக்கு உண்மையில் என்ன தேவை? நீங்கள் ஒருமுறை நேரில் வந்து பார்த்தால் நாங்கள் எழுத வேண்டியதே இல்லை. வடகிழக்கு மூலையில் ஓடு விலகியிருக்கிறது. மாரி மழையில் தண்ணீர் சுவர் வழியே இறங்கும். மூலைக் கட்டிலை நடுவுக்கு இழுத்துவிட்டு, கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி வைப்பார்கள். முழங்கால் உயரத்துக்குச் சுவர் உப்புப் பூத்து, விரலால் தட்டினால் சாந்து பொருபொருவென்று கொட்டுகிறது. மேலே பூஞ்சணம் கறுப்புப் புள்ளியாகப் படர்ந்திருக்கிறது. இந்தச் சுவரில் எந்தப் பெயின்றைப் பூசினாலும் அடுத்த மாரிக்குக் கொப்புளித்து உரிந்துவிடும், வெள்ளியும் அதோடு சேர்ந்து கொட்டும். விடுதி முழுவதற்கும் கைகழுவ ஒரே ஒரு தொட்டி. அதன் குழாய் திருகு உடைந்து, துணி சுற்றித் திருகுகிறார்கள். கழுவிய கையாலேயே அந்தத் துணியைத் திரும்பப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

ஆகவே, வெள்ளிப் பூச்சுக்கான தொகையை மாற்றி, முதலில் கூரை ஓடுகளையும் பீலியையும் திருத்தவும், உப்புப் பூத்த சாந்தை உடைத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்தால் பூசிக் காயவிடவும் அனுமதிக்குமாறு வேண்டுகிறோம். எங்கள் பழைய வீடுகளின் சுவர்கள் சுண்ணாம்பால்தான் மூச்சுவிட்டன. புதிதாக அடித்த சுண்ணாம்பின் கடும் காரத்தில் பூஞ்சணம் பிடிக்காது. கழுவ வேண்டிய கீழ்ப்பகுதிக்கு, சுவர் காய்ந்த பிறகு கழுவக்கூடிய சாதாரண பெயின்ற் போதும். விடுதியின் இரண்டு பக்கமும் முழங்கையால் திறக்கும் குழாயோடு தொட்டி வைத்து, சவர்க்காரமும் கைக்குப் பூசும் அற்ககோலும் தடையின்றிக் கிடைக்கச் செய்யுங்கள். கட்டில் கம்பிகளையும் கைபிடிகளையும் நாளாந்தம் துடைக்க ஒரு சிற்றூழியரையாவது கூடுதலாகத் தாருங்கள். இதில் கடைசிக் கோரிக்கைதான் உங்களுக்குக் கடினம் என்று தெரியும்; ஆனால் பலன் அதிகம் உள்ளதும் அதுதான்.

இனிமேல் எந்த வைத்தியசாலைக்கும் கிருமிநாசினிப் பூச்சு வாங்கும்போது, காய்ந்த மேற்பரப்பில், பலமுறை கழுவிய பின் எடுத்த பரிசோதனை அறிக்கையை விலைமனுவோடு கேட்கும்படி பணிப்புரை விடுத்தால் மற்ற ஊர்ச் சங்கங்களுக்கும் உதவியாக இருக்கும்.

பணம் அனுப்பியவர்களிடமும் பேசினோம். அவர்களும் தாய்மார் படுக்கும் இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்றே கொடுத்தார்கள். எந்தப் பெயின்ற் என்பதில் பிடிவாதம் இல்லை. ஐப்பசி மழைக்கு முன் கூரை வேலையைத் தொடங்க வேண்டியிருப்பதால், தங்கள் தொழினுட்ப அலுவலரை விரைவில் அனுப்பி விடுதியைப் பார்வையிடச் செய்யுமாறு வேண்டுகிறோம். திருத்திய மதிப்பீட்டைத் தயாரிக்கத் தேவையான அளவுகளை எடுத்து வைத்திருக்கிறோம்.

இவ்வண்ணம்,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்,
நோயாளர் நலன்புரிச் சங்கம்

பிரதி: சுகாதார வைத்திய அதிகாரி