ஆடியில் காற்று நிற்கிற ஊர்

லான்செஸ்டன், டாஸ்மேனியா, ஆஸ்திரேலியா
ஆடி 6

அன்புள்ள அண்ணனுக்கும் மயினிக்கும்,

இங்கே நலம். அங்கே எல்லோரும் சுகம்தானே? "அவ்வளவு மரமும் மலையும் இருக்கிற சின்ன ஊரில் புகை எப்படி வரும்?" என்று அண்ணன் போனில் கேட்டீர்கள். போனில் சொல்லி முடிகிற காரியம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

இந்நேரம் ஆரல்வாய்மொழி கணவாயில் ஆளைத் தள்ளுகிற காற்று அடிக்கும், முப்பந்தல் காற்றாலைகள் ஓயாமல் சுற்றும். இங்கே இதே ஆடி நடுக் குளிர்காலம், பல ராத்திரி இலைகூட அசையாது. லான்செஸ்டன் நாகர்கோவிலைவிடச் சிறியது. வடக்கு எஸ்க், தெற்கு எஸ்க் என்று இரண்டு ஆறுகள் சேர்ந்து டேமர் ஆகிற பள்ளத்தில் ஊர் கிடக்கிறது; சுற்றிலும் மேடு. கடல் ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தள்ளி. நமக்குப் பகலில் கடற்காற்று, ராத்திரியில் கரைக்காற்று. அந்தக் கொடுப்பினை இந்த ஊருக்குக் குளிர்காலத்தில் இல்லை.

மேகம் இல்லாத ராத்திரியில் தரை சீக்கிரம் ஆறிவிடும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து, ஓடைத் தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதற்கு மேலே இருக்கிற காற்று சூடு கூடியது, எனவே பானைக்கு மூடி வைத்ததுபோல் ஆகிறது. புகைபோக்கியில் கிளம்புகிற புகை அந்த மூடியில் முட்டி, மேலே போக வழியில்லாமல் தெருவிலேயே படரும். சாயங்காலம் குளிருக்காக வீட்டைச் சூடாக்குகிற விறகடுப்பை வீட்டுக்கு வீடு பற்றவைத்ததும் புகை கூட ஆரம்பிக்கும். மறுநாள் வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் மூடி உடையும். மேற்கிலிருந்து மழைக்காற்று வருகிற நாளில் ஒரு புகையும் தங்காது. அடுப்பும் விறகும் அதேதான்.

இத்தனைக்கும் இதே தீவின் வடமேற்கு மூலையில் கேப் கிரிம் என்கிற கடல்முனை இருக்கிறது. 1976 முதல் அங்கே காற்றை அளக்கிறார்கள். உலகத்திலேயே மிகச் சுத்தமான காற்று வீசுகிற இடங்களில் ஒன்று.

பள்ளத்தை நிரவ முடியாது, அடுப்பைத் திருத்தலாம். குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகைப்புரையை நினைத்துப் பாருங்கள். அங்கே புகை வேண்டும் என்றே தீ மூட்டுகிறோம். இங்கே வேண்டியது சூடு, ஆனால் பலர் தெரியாமலேயே புகைப்புரைத் தீயை வைக்கிறார்கள். முதல் தப்பு ஈர விறகு. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். அதற்கு விறகைப் பிளந்து, தரையில் படாமல், மேலே கூரையும் பக்கம் திறப்புமாக ஒரு கோடைக்காலமாவது அடுக்கி வைக்க வேண்டும். காய்ந்த துண்டின் முனை வெடித்திருக்கும், இரண்டைத் தட்டினால் கணீரென்று கேட்கும். அடுத்த தப்பு, விடிய விடிய எரியட்டும் என்று படுக்கும்முன் கட்டையைத் திணித்துக் காற்றுத் திறப்பை அடைப்பது. தீக்குக் காற்று போதாமல் பாதி எரிந்த புகை தாராகிக் குழாயில் ஒட்டும்; பிறகொரு நாள் அதுவே தீப்பிடிக்கும். ஒவ்வொரு முறை விறகு போட்டதும் 15, 20 நிமிடம் திறப்பை முழுதாக விட வேண்டும். அதற்குப் பிறகும் புகைபோக்கியில் கண்ணுக்குப் புகை தெரிந்தால் எங்கோ பிழை.

2001 முதல் விறகடுப்பை விட்டு மின்சாரச் சூட்டுக்கு மாறுகிறவர்களுக்கு அரசு பணம் கொடுத்தது. விறகடுப்பு வைத்த வீடுகள் 66 சதவீதத்திலிருந்து 30 ஆயின. குளிர்காலத்தில் காற்றிலிருந்த துகள் (பி.எம். 10, மூச்சோடு உள்ளே போகிற நுண்துகள்) சராசரி கனமீட்டருக்கு 44 மைக்ரோகிராமிலிருந்து 27-க்கு இறங்கியது. மலையும் ஆறும் இடம் மாறவில்லை என்பதால் இந்தக் கணக்கு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கோடையில் காட்டுத்தீப் புகையும், இலையுதிர் காலத்தில் காட்டை வேண்டுமென்றே கொளுத்துகிற புகையும் வரும். அது வேறு கணக்கு.

மயினி, நம் ஊர்க் காற்று நாம் செய்கிற பிழையை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. மார்கழி, தை விடியற்காலையில் மட்டும் அதுவும் ஓய்ந்து நிற்கும், பனியும் இறங்கும். அந்நேரம் முற்றம் தூத்துக் கூட்டின சருகுக்குத் தீ வைத்தால் புகை தென்னைக்குக் கீழேயே தவழும். சருகையும் ஓலையையும் தென்னந்தடத்தில் போட்டு மட்க விடுங்கள். பிளாஸ்டிக்கை எந்த நேரத்திலும் எரிக்க வேண்டாம். அம்மாவுக்கு மூச்சிழுப்பு இருப்பதால், அந்த இரண்டு மாதமும் வெயில் ஏறின பிறகு நடக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி