ஞாயிறு கூடல்: டிராக் கார் பாகங்கள் நம் கையாலேயே

வணக்கம் நண்பர்களே!

வரும் ஞாயிறு காலை 10 முதல் 1 மணி வரை, பெங்களூரு அல்சூரில் வழக்கமான மொட்டைமாடி அறை. 1/25 அளவு டிராக்ஸ்டர் (நேர்கோட்டுப் பந்தயக் கார்) மாடலுக்கு, கடையில் வாங்கும் கிட்டில் வராத பாகங்களைச் செய்யப் போகிறோம்.

1. அசல் அளவை 25-ஆல் வகுத்து, சேஸி (காரின் அடிச்சட்டம்) படத்தை மாடல் அளவிலேயே பிரிண்ட் எடுத்து வாருங்கள். 300 அங்குல வீல்பேஸ் (முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம்) நமக்கு 12 அங்குலம். வகுக்காமல் கண்ணளவில் வெட்டினால் முன்சக்கரம் எங்கேயோ போய் நிற்கும்.

2. எக்ஸாஸ்ட் குழாய்க்கு 2 மி.மீ. சால்டர் கம்பி, கையாலேயே வளையும். ஈயம் கலந்தது, டீ குடிக்கும் முன் கை கழுவுங்கள். அசல் காரின் 8 மி.மீ. ஸ்பார்க் பிளக் ஒயருக்கு 0.3 மி.மீ. காயில் கம்பி (சுருள் சுற்றும் மெல்லிய செப்புக் கம்பி) போதும்.

3. கம்பிகளை எஸ்.பி. ரோட்டில் (பெங்களூரு எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு) சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். ஞாயிறு பல கடைகள் திறக்காது.

4. கட்டர், உப்புத்தாள், 0.5 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட் அவரவருடையது. பசை நான் தருகிறேன்.

5. பிள்ளைகள் வரலாம், பெற்றோர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

3டி பிரிண்ட் கொண்டுவந்தாலும் தடையில்லை. ஆனால் கையில் தூள் ஒட்டாமல் என்ன சுகம்?

வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயரும் எத்தனை பேர் என்பதும் இங்கேயே போடுங்கள். கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் சேர்க்க மாட்டேன்.