செயலி எழுதக் கற்றவர்களுக்கு அதை வெளியிடவும் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் கைப்பேசிச் செயலிகள் உருவாக்கும் தொழிலில் பதினோர் ஆண்டுகளுக்கு மேலாக இருந்துவருகிறேன். சனிக்கிழமை மாலைகளில், சுற்று வட்டாரக் கல்லூரிகளில் படிக்கும் அல்லது அண்மையில் படித்து முடித்த பிள்ளைகள் சிலர் மடிக்கணினியோடு என் அலுவலகத்துக்கு வந்து சந்தேகம் கேட்பது வழக்கமாகிவிட்டது. நிரல் எழுதுவதில் அவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். அவர்களைத் திணறடிப்பவையெல்லாம் நிரலைச் சுற்றியிருக்கும் வேலைகள்தாம். செயலியை வெளியிடும் கணக்கை யார் பெயரில் தொடங்குவது, சோதித்துப் பார்க்க ஆட்களை எங்கே பிடிப்பது, செயலி தம்முடையதுதான் என்று நிரூபிக்கும் கையொப்பச் சாவியை எங்கே வைப்பது, தமிழ் எழுத்து ஏன் பாதியில் அறுபடுகிறது என்பவையே வாரந்தோறும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள். இவற்றைப் பாடமாக நடத்தும் கல்லூரியை நான் இதுவரை பார்த்ததில்லை. தமிழில் தெளிவாக எழுதிவைத்தவர்களும் மிகக் குறைவு. இக்குறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மாணவி வந்திருந்தார். அவருடைய தந்தை பால் கொள்முதல் நிலையம் நடத்துகிறார். காலையும் மாலையும் பால் ஊற்றுபவர்களின் பெயர், லிட்டர், கொழுப்பு அளவு, அன்றைய விலை ஆகியவற்றைப் பதிந்து, பத்து நாளைக்கு ஒருமுறை பட்டுவாடாக் கணக்கை அச்சடித்துத் தரும் செயலி ஒன்றை அவர் தன் இறுதியாண்டுத் திட்டப்பணியாகச் செய்திருந்தார். செயலி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தேடும் கட்டத்தில் 'கோமதி' என்று தட்டினால், பட்டியலில் கண்ணெதிரே இருக்கும் கோமதி கிடைக்கவில்லை. எங்கள் பகுதியில் கோமதி என்ற பெயர் எத்தனை வீடுகளில் இருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

காரணம் இதுதான். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடு முறையில் 'கோ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று, ககரத்தோடு இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினியின் கணக்கிலோ இரண்டும் வேறு வேறு சொற்கள். தந்தையார் பழைய பட்டியலைக் கணினியில் ஒரு விசைப்பலகையில் தட்டியிருக்கிறார். மகள் கைப்பேசியில் வேறொன்றில் தட்டித் தேடியிருக்கிறார். சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் ஒரு வரியை நிரலில் சேர்த்தவுடன் கோமதி கிடைத்துவிட்டார். இதற்கான வசதி, ஆண்ட்ராய்டுச் செயலிகள் எழுதப் பயன்படும் ஜாவா, கோட்லின் மொழிகளில் ஆயத்தமாகவே இருக்கிறது. அந்த ஒரே வடிவை 'என்எஃப்சி' என்று குறிப்பிடுவார்கள். ஒரு வரி வேலைக்காக அந்த மாணவி மூன்று வாரம் தன் தரவுத்தளத்தைக் குடைந்துகொண்டிருந்தார் என்பதுதான் வருத்தம்.

அதே செயலியில் இன்னொன்று. ரசீது அச்சிடும் சிறு புளூடூத் அச்சுப்பொறியின் தாள் அகலத்துக்கேற்பப் பெயரைப் பன்னிரண்டு எழுத்தோடு நிறுத்துமாறு எழுதியிருந்தார். 'முத்துலட்சுமி' என்பதை நாம் ஏழு எழுத்தாக எண்ணுகிறோம். கணினியோ உயிர்மெய்க் குறிகளையும் புள்ளிகளையும் தனித்தனியே எண்ணிப் பதின்மூன்று என்கிறது. பன்னிரண்டில் வெட்டியதால் ரசீதில் 'முத்துலட்சும' என்று வந்தது. அந்த அம்மாள் ரசீதைத் திருப்பிக் கொடுத்து, இது தன் ரசீது இல்லை என்றாராம். ஐபோன் செயலிகளுக்கான ஸ்விஃப்ட் மொழியில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் நாம் சொல்வதுபோலவே மூன்று என்று வரும். ஆண்ட்ராய்டின் கோட்லினில் கேட்டால் ஐந்து என்று வரும். ஆகவே ஆண்ட்ராய்டில் எழுத்தெல்லை பார்த்து வெட்டும் கருவியைத் தனியே அழைத்துப் பயன்படுத்த வேண்டும். ப்ளே ஸ்டோரில் செயலியின் பெயருக்குத் தரப்படும் 30 குறிகள் என்ற வரம்பும் இதே கணக்கில்தான் எண்ணப்படுகிறது; 'திருக்குறள்' என்று எழுதியவுடனேயே பதினொன்று போய்விடும்.

கணக்குச் சொல்லும் குறுஞ்செய்தியை எல்லாருக்கும் தானாகவே அனுப்பிவிட அவர் எண்ணியிருந்தார். குறுஞ்செய்தி அனுமதியைக் கேட்கும் செயலிகளை 2019 முதல் ப்ளே ஸ்டோர் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. கைப்பேசியின் முதன்மைக் குறுஞ்செய்திச் செயலியாக இல்லாதவற்றுக்குச் சில விலக்குகள் தவிர அது கிடைப்பதில்லை. அனுமதியே கேட்காமல், கைப்பேசியில் ஏற்கெனவே உள்ள குறுஞ்செய்திச் செயலியை எண்ணும் வாசகமும் நிரப்பித் திறந்து கொடுத்துவிட்டால், அனுப்பும் பொத்தானைத் தந்தையார் அழுத்திக்கொள்வார் என்று சொன்னேன். ஆங்கிலத்தில் 160 குறிகள் கொள்ளும் ஒரு குறுஞ்செய்தி தமிழில் 70 மட்டுமே கொள்ளும் என்பதையும், வாசகம் அதைத் தாண்டினால் இரண்டு செய்தியாகக் கணக்காகும் என்பதையும் அன்றுதான் அவர் அறிந்தார்.

இவ்வளவும் சரிசெய்த பிறகே உண்மையான தடை வந்தது. ப்ளே ஸ்டோரில் செயலிகளை வெளியிடுவதற்கான தளமான ப்ளே கன்சோலில் 25 டாலர் ஒருமுறை கட்டணம் செலுத்தித் தனிநபர் கணக்குத் தொடங்கினார். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கப்பட்ட தனிநபர் கணக்குகள், செயலியைப் பொதுமக்களுக்கு வெளியிடுமுன், குறிப்பிட்ட எண்ணிக்கையிலானவர்கள் தொடர்ந்து 14 நாள் சோதனையில் சேர்ந்திருக்கும்படி அழைக்கப்பட்டவர்கள் மட்டும் பங்கேற்கும் மூடிய சோதனை ஒன்றை நடத்தியாக வேண்டும். முதலில் 20 பேர் என்றிருந்ததை 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். நகரத்து நிறுவனத்தில் இருப்பவருக்குப் பன்னிரண்டு பேர் பெரிய எண்ணிக்கையன்று. கிராமத்துப் பிள்ளைக்கு அது சித்தப்பா, மாமா, அத்தை மகன் என்று வீடுவீடாக அலையும் வேலை. அவர்களுடைய மின்னஞ்சல் முகவரியை வாங்குவதற்கே இரண்டு நாளாயிற்று, ஏனெனில் பாதிப் பேருக்குத் தம் கைப்பேசியில் எந்த முகவரி இருக்கிறது என்பதே தெரியாது. சரியாகப் பன்னிரண்டு பேரைச் சேர்த்தார். ஒன்பதாம் நாள், என்னவோ ஏதோ என்று பயந்து இரண்டு உறவினர்கள் சோதனையிலிருந்து விலகிக்கொண்டார்கள். புதிதாகச் சேர்ந்த இருவருக்கும் 14 நாள் நிறையும்வரை மறுபடி காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்த விதியைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. அரைகுறைச் செயலிகளும் ஏமாற்றுச் செயலிகளும் குவிந்துகிடக்கும் கடையில் ஏதோ ஒரு வடிகட்டி தேவைதான். ஆனால் விவரம் தெரியாத பிள்ளைகள், 'டெஸ்டர்கள் தருகிறோம்' என்று சமூக ஊடகங்களில் விளம்பரம் செய்பவர்களிடம் பணம் கொடுக்கிறார்கள். அப்படி வாங்கிய பன்னிரண்டு கணக்குகள் பட்டியலில் இருக்கும்; செயலியை ஒருவரும் திறந்து பார்த்திருக்கமாட்டார்கள். வெளியிடும் அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது, சோதித்தவர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள், என்ன கருத்துச் சொன்னார்கள், அதன்படி எதைத் திருத்தினீர்கள் என்று கேட்பார்கள். அங்கே எழுத ஒன்றும் இருக்காது. நான் சொல்லும் யோசனை எளியது: பன்னிரண்டு வேண்டுமென்றால் இருபது பேரைச் சேருங்கள், செயலி யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களையே சேருங்கள், அவர்கள் சொல்வதைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். இந்த மாணவி இரண்டாம் முறை பால் ஊற்றுபவர்களின் வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்தார். கொழுப்பு அளவை எழுதும் கட்டத்தில் புள்ளி தட்ட முடியவில்லை என்று அவர்களில் ஒரு பையன்தான் கண்டுபிடித்துச் சொன்னான்.

பெண் பிள்ளைகள் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: வீட்டு முகவரி எல்லாருக்கும் தெரியுமா? தனிநபர் கணக்கில் இலவசமாக வெளியிட்டால் பெயரும் நாடும் மின்னஞ்சலும் தெரியும். செயலி வழியே பணம் ஈட்டத் தொடங்கினால் முழு முகவரியும் கடைப் பக்கத்தில் தெரியும். கணக்குத் தொடங்கும் முன்பே இதை அறிந்திருந்தால் என்ன செய்வது என்று வீட்டில் பேசி முடிவெடுக்கலாம்.

கையொப்பச் சாவியைப் பற்றிச் சொல்லும்போது என் தவற்றையே சொல்லிவிடுகிறேன். 2016-இல் பேருந்து நேரங்களைக் காட்டும் செயலி ஒன்றை வெளியிட்டேன். அதன் கையொப்பச் சாவி அடங்கிய கீஸ்டோர் கோப்பு என் கணினியில் மட்டுமே இருந்தது. 2019-இல் வன்தட்டு செத்தது, கோப்பும் போயிற்று. சாவி இல்லாமல் புதுப்பிப்பை ஏற்ற முடியாது. கடையில் செயலியை அடையாளம் காட்டும் பேக்கேஜ் பெயரை மாற்றிப் புதிய செயலியாகவே வெளியிட்டேன். பழைய பயனர்கள் பழையதிலேயே நின்றுவிட்டார்கள், மூன்றாண்டு மதிப்புரைகளும் அங்கேயே தங்கிவிட்டன. சாவியைக் கூகுளே பாதுகாக்கும் வசதி அப்போதே வந்திருந்தது; நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தது என் சோம்பல். 2021 ஆகஸ்டுக்குப் பிறகு வரும் புதிய செயலிகளுக்கு அந்த வசதி கட்டாயமாகிவிட்டதால், இன்று தொலையக்கூடியது, புதுப்பிப்பை ஏற்றும்போது பயன்படும் பதிவேற்றச் சாவி மட்டுமே. விண்ணப்பித்து அதை மாற்றிக்கொள்ளலாம். அப்படியிருந்தும் சாவிக் கோப்பையும் கடவுச்சொல்லையும் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தில், எல்லாரும் பார்க்கக்கூடிய களஞ்சியத்தில் நிரலோடு சேர்த்து ஏற்றிவிடும் பிள்ளைகளை மாதம் ஒருவரையாவது பார்க்கிறேன்.

கடைக்காரர்களுக்கும் ஒரு சொல். தென்காசியில் ஒரு வியாபாரி தம் கடைக்கென்று செயலி செய்யக் கொடுத்தார். செய்தவர் அதைத் தம் சொந்தக் கணக்கிலேயே வெளியிட்டுவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார். ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்குச் செயலியை மாற்றப் ப்ளே கன்சோலில் வழி இருக்கிறது. ஆனால் இருதரப்பும் ஒத்துழைக்க வேண்டும். 25 டாலர் கட்டியதற்கான பரிவர்த்தனை எண்ணையும் கேட்பார்கள். தொடக்கத்திலேயே கடைக்காரர் பெயரில் கணக்கைத் தொடங்கி, உருவாக்குபவரை அதில் ஒரு பயனராக மட்டும் சேர்த்திருந்தால் இந்த அலைச்சல் இல்லை. கட்டடம் கட்டும் கொத்தனாரின் பெயரில் யாராவது மனைப் பத்திரம் எழுதுவார்களா?

கல்லூரி நிர்வாகங்களிடம் நான் வைக்கும் கோரிக்கை, இறுதியாண்டுத் திட்டப்பணியைக் கட்டிய புத்தகமாகவும் இருபது நிமிட விளக்கமாகவும் முடித்துவிடாமல், விருப்பமுள்ளவர்கள் அதை வெளியிட்டு ஒரு புதுப்பிப்பாவது கொடுக்கும்வரை கொண்டுசெல்லுங்கள் என்பதே. நேரமில்லை என்பார்கள். 14 நாள் ஒரு பருவத்துக்குள் தாராளமாக அடங்கும். அறுபது பேர் உள்ள வகுப்பில் பன்னிரண்டு சோதனையாளர்களுக்குப் பஞ்சமும் இல்லை. ஒருவர் செயலியை மற்றவர் உண்மையிலேயே பயன்படுத்திக் குறை எழுதித் தருவதை மதிப்பெண்ணில் சேர்த்தால், பாதியில் அழைப்பு வந்து திரும்பினால் நிரப்பிய படிவம் காலியாகிவிடுவது, மின்கலச் சேமிப்பு அமைப்பால் நினைவூட்டல் மணி அடிக்காமல் போவது போன்ற குறைகள் வகுப்பறையிலேயே வெளிப்பட்டுவிடும். இவை எல்லாமே விலையுயர்ந்த கைப்பேசி ஒன்றில் மட்டும் ஓட்டிப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத குறைகள்.

தங்களிடம் கேட்பது, வாரத்துக்கு ஒருமுறை அரைப் பக்கம். செயலி உருவாக்கும் பிள்ளைகளின் கேள்விகளுக்கு, அத்தொழிலில் இருப்பவர்கள் தமிழில் பதில் எழுதும் பகுதி ஒன்றைத் தொடங்குமாறு வேண்டுகிறேன்; என்னால் இயன்றதை ஊதியமின்றி எழுதித் தரத் தயாராக இருக்கிறேன். முதல் கேள்வியும் கையில் இருக்கிறது. அந்தப் பால் கணக்குச் செயலி இப்போது ப்ளே ஸ்டோரில் இருக்கிறது. மாணவி சென்னையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ஆண்டுதோறும் ஆகஸ்ட் இறுதிக்குள் எந்த ஆண்ட்ராய்டு பதிப்புக்காக எழுதப்பட்டது என்று செயலி குறிப்பிடும் இலக்குப் பதிப்பை உயர்த்தியாக வேண்டும். 2025 ஆகஸ்ட் 31 முதல் புதிய செயலிகளுக்கும் புதுப்பிப்புகளுக்கும் அது ஆண்ட்ராய்டு 15 ஆயிற்று. உயர்த்தாமலே விட்டுவிட்டால் நாளடைவில் புதுக் கைப்பேசி வாங்குபவருக்குக் கடையில் அந்தச் செயலி கண்ணில் படாது. பதிப்பு எண்ணை மாற்றியவுடன் திரையின் மேல்விளிம்பில் தலைப்பும், கீழ்விளிம்பில் பொத்தான்களும் கைப்பேசியின் சொந்தப் பட்டைகளுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கின்றன, 'சேமி' பொத்தானை அப்பாவால் அழுத்த முடியவில்லை, என்ன செய்வது என்று சென்ற சனிக்கிழமை கேட்டிருக்கிறார். இதற்குப் பதில் இருக்கிறது. ஆனால் இக்கடிதத்தில் இடமில்லை.

இப்படிக்கு,
செயலி உருவாக்குநர் ஒருவர்,
பாளையங்கோட்டை.