அந்த வண்டியில் நம்மவர்களும் ஏற வேண்டும்: மெல்பர்ன் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

மெல்பர்னின் தென்கிழக்கில் பெர்விக், நாரி வாரன், கிரான்பர்ன், கிளைட், ஆபிசர், பாக்கனம் பக்கங்களில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும், நம் தமிழ்ச் சங்கங்களையும் கோயில்களையும் தமிழ்ப் பள்ளிகளையும் நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

போன கோடையில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டேகால் மணி இருக்கும், தீயணைப்பு வண்டிக்கு ஆள் கூப்பிடும் என் பேஜர் அலறியது. எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் கிடக்கும் நிலத்தில் புல் பற்றிக்கொண்டது. நான் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடிக்கொண்டிருந்த மீட்டிங்கில் இரண்டு சொல் தட்டிவிட்டுத் தீயணைப்பு ஸ்டேஷனுக்குப் போனேன். எனக்கு முன்னால் வந்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கூரை வேலை பார்க்கும் இளைஞர், இன்னொருவர் எழுபதை நெருங்கும் பால்பண்ணைக்காரர். அடுத்த நிமிடத்தில் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் வந்தார். நான்கு பேர் ஆனதும் டாங்கர், அதாவது தண்ணீர் சுமக்கும் தீயணைப்பு வண்டி, கிளம்பியது. பக்கத்து ஊர் பிரிகேடின், அதாவது தீயணைப்புக் குழுவின், வண்டியும் வந்துசேர்ந்தது. முதல் வீட்டு வேலிக்கு இருபது மீட்டர் இருக்கும்போது தீ நின்றது.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தவர்களில் பாதிப்பேர் நம்மவர்கள். ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி தமிழில் கேட்டார்: "அண்ணா, இந்த வேலைக்கு எவ்வளவு தருவாங்க?" ஒன்றும் தரமாட்டார்கள் என்றேன். "அப்போ இது கவர்ன்மென்ட் வண்டி இல்லையா?" என்றார். அன்று நின்று பேச நேரமில்லை. அவரிடம் சொல்ல நினைத்ததைத்தான் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

வண்டி அரசுடையதுதான். அதில் ஏறி வருகிறவர்கள் அக்கம்பக்கத்து ஆட்கள். ஊரில் 101-ஐ அழைத்தால் சம்பளம் வாங்கும் தீயணைப்புத் துறை ஊழியர்கள் வருவார்கள். அந்தப் பழக்கத்தில் இங்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். விக்டோரியாவில் இரண்டு ஏற்பாடு இருக்கிறது. 2020 ஜூலை 1 முதல் சம்பளத்துக்குப் பணிபுரியும் தீயணைப்பு வீரர்கள் ஃபயர் ரெஸ்க்யூ விக்டோரியாவின் கீழ் வந்தார்கள். சி.எஃப்.ஏ. என்று எல்லோரும் சொல்லும் கன்ட்ரி ஃபயர் அத்தாரிட்டியின் பிரிகேடுகள் முழுக்கத் தன்னார்வலர்களுடையவை ஆயின. மாநிலம் முழுக்கச் சுமார் 1,200 பிரிகேடுகள், 50,000-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள். பெயரில் 'கன்ட்ரி' இருப்பதால் எங்கோ பட்டிக்காட்டுச் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். நாம் கடன் வாங்கி வீடு கட்டியிருக்கும் புதுக் குடியிருப்புகள் பல சி.எஃப்.ஏ. எல்லைக்குள் இருக்கின்றன. சில இடங்களில் இரண்டு தரப்பு வண்டிகளும் சேர்ந்தே வரும்.

நீங்கள் 000-ஐ அழைத்ததும் நடப்பது இதுதான். கட்டுப்பாட்டு அறையிலிருந்து அந்தப் பகுதி பிரிகேடுகளின் உறுப்பினர்கள் எல்லோருடைய பேஜருக்கும் ஒரே நேரத்தில் தகவல் போகும். யார் எங்கே இருக்கிறார்களோ அங்கிருந்து தம் காரில் கிளம்புவார்கள். சைரன் பெரிய வண்டிக்கு மட்டும்தான். சொந்தக் காரில் வருகிறவர் சிவப்பு விளக்கில் நின்றுதான் வரவேண்டும். ஸ்டேஷனில் உடை மாற்றி, ஆள் சேர்ந்ததும் வண்டி புறப்படும். ஆள் சேரவில்லை என்றால் அந்த அழைப்பு அடுத்த பிரிகேடுக்குப் போகும். அடுத்த பிரிகேட் இன்னும் தள்ளி இருக்கும்.

சரி, பேஜர் அடித்தால் வந்தே ஆக வேண்டுமா? இல்லை. குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தால் அதைத்தான் செய்ய வேண்டும். முடிந்தவர் வருவார், முடியாதவர் அடுத்த முறை வருவார். பட்டியல் நீளமாக இருந்தால்தான் இந்த ஏற்பாடு நடக்கும். எங்கள் பட்டியல் பகலில் மிகவும் சுருங்கிவிடுகிறது. பழைய உறுப்பினர்களுக்கு வயதாகிவிட்டது. இளையவர்கள் காலையில் நகரத்துக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் வீட்டில் உட்கார்ந்து மடிக்கணினியில் வேலை பார்க்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். பிரிகேடுகள் தேடிக்கொண்டிருக்கும் பகல்நேர ஆட்கள் நாம்தான்.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவன் நான். சிறுவயதில் எங்கள் தெருவில் கூரை வீடு ஒன்று எரிந்தது. தீயணைப்பு வண்டி நகரத்திலிருந்து வந்துசேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. குளத்திலிருந்து வீடு வரைக்கும் பெண்கள் வரிசையாக நின்று குடத்தைக் கை மாற்றினார்கள். ஆண்கள் நான்கைந்து பேர் அடுத்த வீட்டுக் கூரைமேல் ஏறி, நெருப்பு தாவாமல் இருக்க, கீற்றைப் பிரித்து வீசினார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அந்தத் தெருவில் அன்று சும்மா நின்று வேடிக்கை பார்த்த பெரியவர் ஒருவரை வருடக்கணக்கில் ஊர் சொல்லிக் காட்டியது. கடல் தாண்டி வந்து அதே ஜனங்கள் இன்று வேலிக்கு அந்தப் பக்கம் போனில் படம் எடுத்துக்கொண்டு நிற்பது எனக்கு வலிக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. யாரும் நம்மைக் கூப்பிடவில்லை, நமக்கும் தெரியவில்லை. அதனால்தான் இப்போது கூப்பிடுகிறேன்.

நாம் இருக்கும் மண்ணைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1983 பிப்ரவரி 16, ஆஷ் வெட்னஸ்டே என்று சொல்லப்படும் காட்டுத்தீ நாள். விக்டோரியாவில் மட்டும் 47 பேர் இறந்தார்கள். பெர்விக்கிலிருந்து காரில் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய அப்பர் பீக்கன்ஸ்ஃபீல்டில் அன்றிரவு 12 தன்னார்வத் தீயணைப்பாளர்கள் இறந்தார்கள். அங்கே தீயில் சிக்கியவை நாரி வாரன், பான்டன் ஹில் பிரிகேடுகளின் வண்டிகள். ஆமாம், நாம் மளிகை வாங்கப் போகும் அதே நாரி வாரன். இந்த ஊரில் வீடு வாங்கிப் பல வருடம் கழித்துத்தான் எனக்கு இது தெரியவந்தது.

அவர்களைக் கொன்றது காற்றின் திருப்பம். இங்கே கோடையின் மோசமான நாட்கள் ஒரே மாதிரிதான் நடக்கும். காலையிலிருந்து வடக்கே பாலை நிலத்திலிருந்து வறண்ட சூட்டுக்காற்று அடிக்கும். தீ தென்கிழக்கு நோக்கி நீண்டு, ஒடுங்கிய நாக்கு மாதிரி ஓடும். மாலையிலோ இரவிலோ குளிர்க்காற்று தென்மேற்கிலிருந்து வந்து மோதும். வீட்டுக்குள் இருக்கும் நாம் 'அப்பாடா, குளிர்ந்துவிட்டது' என்று ஜன்னலைத் திறப்போம். அதே நிமிடத்தில் அந்த நீண்ட தீயின் பக்கவாட்டு முழுக்கத் திரும்பி முன்முகமாகிவிடும். சில நூறு மீட்டர் அகலத்தில் ஓடியது பல கிலோமீட்டர் அகலத்தில் வரும். பக்கவாட்டில் நின்று அணைத்துக்கொண்டிருந்தவர்கள் நேர் எதிரே மாட்டிக்கொள்வார்கள். 2009 பிப்ரவரி 7 அன்று மெல்பர்னில் 46.4 டிகிரி வெயில். கறுப்புச் சனிக்கிழமை என்று சொல்லப்படும் அன்றைய காட்டுத்தீயில் 173 பேர் இறந்ததிலும் காற்றின் இந்தத் திருப்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

1998 டிசம்பர் 2 அன்று விக்டோரியாவின் லின்டன் என்ற ஊரிலும் இதேதான். ஜீலாங் வெஸ்ட் பிரிகேடின் டாங்கரில் இருந்த ஐந்து தன்னார்வலர்களும் காற்று திரும்பியபோது இறந்தார்கள். அதன்பிறகு வந்த விதிதான் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லித்தரப்பட்டது: எவ்வளவு எரிந்தாலும் டாங்கரில் கடைசி 250 லிட்டரைத் தொடக் கூடாது, அது வண்டியில் இருப்பவர்களின் உயிருக்கு. பெரிய டாங்கர் 3,000, 4,000 லிட்டர் தாங்கும். அளவுகாட்டியைப் பார்த்துக்கொண்டே இருப்பதற்கென்று ஒருவர் பம்ப் பக்கம் நிற்பார். "ஆபத்தாச்சே, பிள்ளை குட்டிக்காரங்க போகலாமா?" என்று கேட்கும் அம்மாக்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஆபத்து உண்டு. பயிற்சி முடியாமல் யாரையும் தீக்கு அருகில் அனுப்பமாட்டார்கள். விதிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி யாரோ சிலர் இருக்கிறார்கள்.

ஜெனரல் ஃபயர்ஃபைட்டர் என்ற அடிப்படைப் பயிற்சிக்குச் சில மாதங்கள் ஆகும். பாடம் பாதி வீட்டில், செய்முறை ஸ்டேஷனில், பெரும்பாலும் மாலைகளிலும் வாரக் கடைசியிலும். போலீஸ் சான்று கேட்பார்கள். உடை, தலைக்கவசம், பூட்ஸ் எல்லாம் அவர்களே தருவார்கள். பணியில் அடிபட்டால் இழப்பீட்டுக்கு ஏற்பாடு இருக்கிறது. 16 வயதிலிருந்து சேரலாம். பெண்கள் தாராளமாக வரலாம். எனக்கு ஹோஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பெண் லெப்டினன்ட்தான். கேப்டன், லெப்டினன்ட் பொறுப்புகளுக்கு ஆளைப் பிரிகேட் உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். நம் சங்கத் தேர்தலைவிட அமைதியாக நடக்கிறது.

வேலை போய்விடுமோ என்ற பயம் நம்மவர்களுக்கு இருக்கும், எனக்கும் இருந்தது. ஆஸ்திரேலியாவின் ஃபேர் வொர்க் சட்டத்தில் சமூக சேவை விடுப்பு என்று ஒன்று இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட அவசரகால அமைப்பின் தன்னார்வலர் அழைப்புக்குப் போனால், நியாயமான அளவுக்கு விடுப்பு எடுக்கும் உரிமை அவருக்கு உண்டு. அந்த நேரத்துக்குச் சம்பளம் தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் போனதற்காக வேலையை விட்டு நிறுத்த முடியாது. மேலாளரிடம் முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

நெருப்பின் அருகே போகவே விருப்பமில்லை என்றாலும் வேலை இருக்கிறது. செயலாளர், பொருளாளர், வானொலித் தொடர்பு, பள்ளிகளில் போய்ப் பேசுவது, ராத்திரி முழுக்க வெளியே நின்றவர்களுக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்வது. கடைசியாகச் சொன்னதில் நம்மை யார் மிஞ்ச முடியும்? கோயிலில் ஐந்நூறு பேருக்கு அன்னதானம் செய்கிற கைகள் இங்கே எத்தனை இருக்கின்றன!

இன்னொரு விஷயம், இது நம் வீடுகளுக்குள் நடப்பது. பேஜரில் வருவது எல்லாமே காட்டுத்தீ கிடையாது. அடுப்பு, கார் விபத்து, குப்பைத்தொட்டி, காரணமில்லாமல் கத்தும் அலாரம் என்று பலவும் வரும். தாளிக்கும்போதும் சாம்பிராணி போடும்போதும் கத்துகிறது என்று புகை அலாரத்தைக் கழற்றி டிராயரில் போட்டு வைத்திருக்கும் தமிழ் வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இன்றே மாட்டுங்கள். கத்தினால் ஜன்னலைத் திறந்து விசிறிவிடுங்கள், கழற்றாதீர்கள். வடைச் சட்டி எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. எரியும் எண்ணெய் தெறித்துக் கூரைவரை போகும். அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள், சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடாதீர்கள்.

பொங்கல் வருவது இங்கே தீப்பருவத்தின் நடுவில். டோட்டல் ஃபயர் பேன் (முழுத் தீத் தடை) அறிவித்த நாளில் திறந்த வெளியில் விறகு மூட்டுவது சட்டப்படி குற்றம், பொங்கல் பானைக்கும் சரி, ஹோமத்துக்கும் சரி. பெரும்பாலும் முந்தின நாள் மாலையே அறிவிப்பு வந்துவிடும், விக்எமர்ஜென்சி செயலியில் பார்க்கலாம். கேஸ் அடுப்பில் சமைப்பதற்கு நிபந்தனைகள் உண்டு: சுற்றிலும் மூன்று மீட்டருக்கு எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது, குறைந்தது 10 லிட்டர் தண்ணீர் கையருகே வேண்டும், வயது வந்த ஒருவர் அடுப்பை விட்டு நகராமல் இருக்க வேண்டும். வடக்குக் காற்று அடிக்கும் நாளில் பானையை வீட்டுக்குள் அடுப்பில் ஏற்றுங்கள். பால் பொங்கும், சூரியனுக்கும் கோபம் வராது.

சங்க நிர்வாகிகளிடம் மூன்று உதவி கேட்கிறேன். வரும் பொங்கல் விழாவுக்கு உங்கள் பகுதி பிரிகேடைக் கூப்பிடுங்கள். வண்டியோடு வருவார்கள், பிள்ளைகள் ஏறிப் பார்க்கட்டும். மேடையில் பத்து நிமிடம் கொடுங்கள், தமிழில் நான் வந்து பேசுகிறேன். அப்புறம், தமிழ்ப் பள்ளி வாசலில் சனிக்கிழமை பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் பெற்றோரிடம் ஒரு படிவத்தை நீட்ட அனுமதி கொடுங்கள். உங்களிடம் பணம் எதுவும் கேட்கவில்லை.

அந்தத் தம்பி இதைப் படித்தால், அவருக்கு: பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஸ்டேஷன் கதவு திறந்திருக்கும். பம்ப் ஓடுகிறதா, ரேடியோ பேசுகிறதா, டயரில் காற்று இருக்கிறதா, தண்ணீர் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்போம். முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே வந்து என்னைக் கேளுங்கள், தமிழ்க்காரர் எங்கே என்றால் காட்டுவார்கள். இப்போதைக்கு அங்கே நான் ஒருவன்தான்.

அன்புடன்,
பெர்விக் பக்கத்து பிரிகேட் உறுப்பினர் ஒருவர்